அண்மையிலுள்ள பாடசாலை எது?

முதலாம் தர விண்ணப்பப் படிவம் மூன்று வாரமாக எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, மொழி மூலம், சமயம் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. வதிவிட முகவரி என்ற இடத்துக்கு வந்ததும் பேனை நிற்கிறது. வெள்ளவத்தையில் இப்போது இருக்கும் வாடகை வீட்டின் முகவரியை எழுதுவதா, பொரலஸ்கமுவவில் பார்த்து வைத்திருக்கும் வீட்டுக்குப் போய் அந்த முகவரியை எழுதுவதா என்பது வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. மகளுக்கு 2027 ஜனவரி 31 இற்கு முன் ஐந்து வயது பூர்த்தியாகிறது. அதற்குப் பிறகு யோசிக்க நேரமில்லை.

எங்கள் மாடிக்குடியிருப்பில் மட்டும் இதே கேள்வியோடு இன்னும் மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. மாலையில் பிள்ளைகளைக் கீழே விளையாட விட்டுவிட்டு அம்மாமார் நின்று கதைப்பது இதைத்தான். ஒருவர் தெஹிவளைக்கு உள்ளே போகப் பார்க்கிறார். ஒருவர் வத்தளை. மற்றவர் கனடாவுக்குப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார், அது வேறு கதை.

நகரை விட்டுப் போவதற்கான காரணம் எளிமையானது: கட்டுப்படியாகவில்லை. 2021 இல் இந்த இரண்டு அறை வீட்டுக்கு மாதம் 55,000 ரூபா கொடுத்தோம். 2022 இன் நெருக்கடியில் கொழும்பின் பணவீக்கம் செப்டெம்பரில் 70 வீதத்தைத் தொட்டபோது வாடகையும் ஏறியது. பணவீக்கம் பிறகு இறங்கியது, வாடகை இறங்கவில்லை. இப்போது வீட்டுக்காரர் கேட்பது 95,000. பொரலஸ்கமுவவில் மூன்று அறை, முன்னுக்கு ஒரு மாமரம், 50,000. கணக்குத் தெரிந்த யாரும் அடுத்த கிழமையே சாமானை ஏற்றிவிடுவார்கள். ஏற்றியவர்களும் இருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் சிங்கள நண்பி ஒருத்தி இரண்டு வருடங்களுக்கு முன் கிருலப்பனையிலிருந்து மஹரகமவுக்குப் போனாள். பிள்ளையை எங்கே சேர்த்தாய் என்று கேட்டேன். வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய மூன்று பாடசாலைகளில் எது நல்லது என்று தீர்மானிக்கத்தான் கஷ்டப்பட்டாளாம்.

நான் பொரலஸ்கமுவ வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு கைத்தொலைபேசி வரைபடத்தில் பாடசாலைகளைத் தேடினேன். திரை நிறையச் சிவப்புப் புள்ளிகள். அவற்றில் தமிழ் மொழி மூலம் கற்பிப்பவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை மனதால் அழித்துக்கொண்டு வந்தபோது, திரை கிட்டத்தட்ட வெறுமையாகிவிட்டது.

அரசு 2016 இல் ‘அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை’ என்று ஒரு வேலைத்திட்டத்தை ஆரம்பித்தது. அகில விராஜ் காரியவசம் கல்வி அமைச்சராக இருந்த காலம். நகரத்துப் பிரபல பாடசாலைகளின் வாசலில் வரிசை நிற்பதை நிறுத்த வேண்டுமென்றால் ஊர்ப் பாடசாலைகளுக்குக் கட்டடமும் மலசலகூடமும் ஆசிரியரும் கொடுக்க வேண்டும் என்பது அதன் யோசனை. யோசனையில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அதற்குள் ஒளிந்திருக்கும் ஓர் அனுமானத்தை அப்போது நானும் கவனிக்கவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் அண்மையில் ஒரு பாடசாலை இருக்கிறது, அது சிறந்ததாக இல்லாததுதான் பிரச்சினை என்பதே அந்த அனுமானம். கொழும்பின் புறநகரில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு முதலாவது பாதியே சந்தேகத்துக்குரியது.

முதலாம் தர அனுமதிக்கான சுற்றுநிருபத்தை வாசித்தவர்களுக்கு அதன் கணக்குத் தெரியும். இத்தனை வருடங்களாக அதன் எலும்புக்கூடு இதுதான்: ஒரு பாடசாலையின் இடங்களில் பாதி அண்மையில் வசிப்பவர்களுக்கு, கால்வாசி பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு, அதற்கடுத்து ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் சகோதரர்களுக்கு, மிச்சம் கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற அரச ஊழியர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் என்று சிறு சிறு துண்டுகள். நானோ இவரோ கொழும்பில் படிக்கவில்லை. நான் யாழ்ப்பாணம், இவர் ஹட்டன். மூத்த பிள்ளையும் இல்லை. ஆகவே எங்களுக்குத் திறந்திருப்பது அண்மை என்ற ஒரே கதவு.

அந்தக் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒன்று, நீங்கள் அங்கே வசிக்கிறீர்கள் என்பதை நிரூபிப்பது. வாக்காளர் இடாப்பில் கடந்த ஐந்து வருடம் பெயர் இருக்க வேண்டும். வீட்டு உறுதி உங்கள் பெயரில் இருந்தால் நல்ல புள்ளி, பதிவு செய்த குத்தகை ஒப்பந்தம் என்றால் அதைவிடக் குறைவு. வாடகைக்காரருக்கு இதில் எப்போதும் கடைசி வரிசைதான். எங்கள் வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்வோம் என்று கேட்டால் மூன்று வருடமாக “பார்ப்பம், பார்ப்பம்” என்கிறார். வரிக்குப் பயமா, பிறகு எழும்ப மாட்டார்கள் என்ற பயமா தெரியவில்லை. முதல் இரண்டு வருடமும் வாக்காளர் பதிவுக்கும் இந்த முகவரியை விடவில்லை. எங்கள் பெயர் அதுவரை ஹட்டனில் இருந்தது. அதாவது, நாங்கள் இங்கே ஐந்து வருடமாக வாடகை கட்டுகிறோம், ஆனால் கடதாசியின்படி மூன்று வருடமாகத்தான் வசிக்கிறோம்.

பொரலஸ்கமுவவுக்குப் போனால் அந்த மூன்றும் இல்லை. புதிய முகவரியில் நாங்கள் நேற்றுப் பிறந்தவர்கள். பிள்ளை பிறப்பதற்கு முன்பே, சரியாகச் சொன்னால் கலியாணம் கட்டிய கையோடு, எந்தப் பாடசாலைக்கு அருகில் குடியிருப்பது என்று தீர்மானித்திருக்க வேண்டும் என்பதுதான் இந்தச் சுற்றுநிருபம் மறைமுகமாகச் சொல்லும் செய்தி. எத்தனை பேரால் அப்படி வாழ முடியும்? முடியாதவர்கள்தான் பொய்ச் சத்தியக்கடதாசியும் தெரிந்தவரின் மின்சாரப் பட்டியலும் தேடி அலைகிறார்கள். ஒவ்வொரு வருடமும் போலி ஆவணம் என்று பிடிபடுபவர்களைப் பற்றிச் செய்தி போடுகிறோம். அந்தச் செய்திகளில் சிலவற்றை எழுதியவள் என்ற முறையில் எனக்கு இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இரண்டாவது பூட்டு தூரம். உங்கள் வீட்டை மையமாக வைத்து, விண்ணப்பிக்கும் பாடசாலை வரையுள்ள நேர்கோட்டுத் தூரத்தை ஆரையாக எடுத்து ஒரு வட்டம் கீறுவார்கள். வட்டத்துக்குள் உங்கள் பிள்ளை சேரக்கூடிய வேறு அரச ஆரம்பப் பிரிவுகள் எத்தனை இருக்கின்றனவோ, ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும். பிள்ளை சேரக்கூடிய என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். மொழி மூலம் இதற்குள்தான் வருகிறது. பொரலஸ்கமுவவிலிருந்து பம்பலப்பிட்டி வரை ஒரு சிங்களப் பிள்ளைக்கு வட்டம் கீறினால் உள்ளே இருக்கும் பாடசாலைகளை எண்ணிக் கழித்து மிச்சம் ஒன்றும் வராது. தமிழ்ப் பிள்ளைக்குக் கீறினால் கழிப்பதற்கு அவ்வளவு இல்லை. விசித்திரம்தான். பக்கத்தில் பாடசாலை இல்லாமையே எங்களுக்குப் புள்ளியாக மாறுகிறது. சட்டம் எழுதியவர்கள் இதை நினைத்து எழுதினார்களோ தெரியாது, ஆனால் வட்டத்தின் கணக்கு ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறது: ஒரே வீதியில் வசிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு ‘அண்மை’ என்பது ஒன்றல்ல.

புள்ளி கிடைத்தாலும் பிள்ளை போய்வர வேண்டுமே. பொரலஸ்கமுவவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வான் விசாரித்தேன். காலை ஐந்தரைக்கு ஏற்றுவார்களாம், ஏனென்றால் எங்கள் பிள்ளைதான் முதல் தரிப்பு. மாதம் 16,000 ரூபா. வாடகையில் மிச்சம் பிடிப்பதில் மூன்றில் ஒரு பங்கு வானுக்குப் போகும். அதையும் பொறுக்கலாம். ஐந்து வயதுப் பிள்ளையை நாலே முக்காலுக்கு எழுப்புவதைத்தான் என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

அப்படியானால் புறநகரிலேயே இருக்கும் தமிழ் மொழி மூலப் பாடசாலையில் சேர்க்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். போய்ப் பார்த்தேன்.

பெயர் வேண்டாம். பொரலஸ்கமுவ வீட்டிலிருந்து ஓட்டோவில் இருபது நிமிடம். மாகாண சபையின் கீழ் வரும் பாடசாலை, சாதாரண தரம் வரை வகுப்பு உண்டு. மதில் வெள்ளையடித்துச் சுத்தமாக இருந்தது. அதிபர் எழுந்து வந்து கதிரை போட்டார். நகரத்துப் பாடசாலை ஒன்றில் காவலாளியைத் தாண்டுவதற்கே எனக்கு இரண்டு நாள் எடுத்திருந்தது என்பதால் அந்தக் கதிரையே பெரிய விடயமாக இருந்தது. முதலாம் தரத்தில் பதினொரு பிள்ளைகள். பாதிப்பேர் தமிழர், பாதிப்பேர் முஸ்லிம்கள். ஆசிரியை பாயில் பிள்ளைகளோடு இருந்து ஏதோ மடித்துக்கொண்டிருந்தார். பதினொரு பேருக்கு ஓர் ஆசிரியை! நகரத்தில் இதற்காகச் சர்வதேசப் பாடசாலைகள் இலட்சக்கணக்கில் வாங்குகின்றன.

பிறகு அதிபர் மற்றப் பக்கத்தையும் மறைக்காமல் சொன்னார். கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய் எட்டு மாதம், பதிலுக்கு ஆள் வரவில்லை. சிங்களம் இரண்டாம் மொழிக்கு ஆசிரியர் உண்டு, ஆங்கிலத்துக்கு அரைவாசி. பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் மலையகத்திலிருந்து வந்து சுற்றுவட்டார வீடுகளிலும் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்பவர்கள். வேலை மாறினால் வீடு மாறும், பிள்ளையும் வருட நடுவில் போய்விடும். “உங்களைப் போல வந்து பார்த்திட்டுப் போறவங்க வருசத்துக்குப் பத்துப் பேராவது இருப்பாங்க, மிஸ்” என்றார். “எல்லாருக்கும் இந்த ஸ்கூல் பிடிக்கும். யாரும் திரும்பி வாறதில்ல.”

எனக்குப் பதில் வரவில்லை. ஓட்டோவில் திரும்பும்போது எங்களைப் பற்றியும் எங்களைப் போன்ற குடும்பங்களைப் பற்றியும்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். இந்தப் பாடசாலையில் முப்பது பிள்ளை இருந்தால் கணித ஆசிரியர் கேட்டு வலயக் கல்விப் பணிமனையில் சத்தம் போடப் பெற்றோர் இருப்பார்கள். சத்தம் போடத் தெரிந்த பெற்றோர் எல்லோரும் காலை ஐந்தரை வானில் பிள்ளையை ஏற்றி இந்த வாசலைத் தாண்டி அனுப்புகிறார்கள். பிள்ளை குறைவதால் ஆசிரியர் குறைகிறார், ஆசிரியர் குறைவதால் பிள்ளை குறைகிறது. இதை யாராவது ஒரு குடும்பம் முறிக்க வேண்டும். ஆனால் முறிக்கும் குடும்பத்தின் பிள்ளைக்கு அந்தப் பத்து வருடங்கள் திரும்பி வராது. மற்றவர்களின் பிள்ளையை வைத்துச் சமூக நீதி பேசுவது எனக்கு எப்போதும் இலேசாக இருந்தது என்பதை அன்று கண்டுகொண்டேன்.

மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளை இணைப்பது, மூடுவது பற்றிய பேச்சு இப்போது கல்விச் சீர்திருத்தத்தோடு சேர்ந்து மறுபடி வந்திருக்கிறது. நாட்டிலுள்ள சுமார் 10,000 அரச பாடசாலைகளில் ஐம்பது பிள்ளைகள்கூட இல்லாதவை ஆயிரத்துக்கு மேல். பணத்தைப் பார்த்தால் இது யோசிக்க வேண்டிய விடயம், மறுப்பதற்கில்லை. ஒரு சிங்களப் பாடசாலையை மூடினால் பிள்ளை அடுத்த கிலோமீற்றரில் உள்ள பாடசாலைக்குப் போகும், பல இடங்களில் அதிலே இலாபமும் உண்டு. தென் கொழும்பின் உட்பகுதியில் ஒரு தமிழ் மொழி மூலப் பாடசாலையை மூடினால் பிள்ளை அடுத்த கிலோமீற்றருக்குப் போகாது, அடுத்த மொழிக்குப் போகும். பட்டியல் தயாரிப்பவர்கள் மாணவர் தொகைக்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் போட வேண்டும்: அதே மொழி மூலத்தில் அடுத்த பாடசாலை எத்தனை கிலோமீற்றர்? அந்த நிரல் இல்லாத எந்தப் பட்டியலையும் நம்ப முடியாது.

அரசியலமைப்பின் 21 ஆவது உறுப்புரை, ஒவ்வொருவருக்கும் தேசிய மொழிகள் இரண்டில் ஏதாவது ஒன்றின் மூலம் கல்வி பெறும் உரித்து உண்டென்கிறது. நல்ல வாசகம். எத்தனை கிலோமீற்றருக்குள் என்று அது சொல்லவில்லை.

முஸ்லிம் பாடசாலைகளைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தக் கணக்கு நேர்மையாக இருக்காது. கொழும்பின் புறநகரில் தமிழ் மொழி மூலம் கற்பிக்கும் அரச பாடசாலைகளில் கணிசமானவை முஸ்லிம் பாடசாலைகள். தெஹிவளை, களுபோவிலைப் பக்கத்திலும், வடக்கே மாபோலைப் பக்கத்திலும் அவை இருப்பதால்தான் அங்கே தமிழ் எழுத்து இன்னும் வகுப்பறைப் பலகையில் இருக்கிறது. ஆனால் எங்கள் பெற்றோர் ‘தமிழ்ப் பாடசாலை இல்லை’ என்று சொல்லும்போது அவற்றை எண்ணுவதே இல்லை. விடுமுறை நோன்பு காலத்தை ஒட்டி வேறாக வரும், சைவமும் கிறிஸ்தவமும் படிப்பிக்க ஆசிரியர் இருக்கமாட்டார் என்பவை உண்மையான காரணங்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வந்த மனத்தூரம் சொல்லப்படாத காரணம். நான் போய்ப் பார்த்த அந்தச் சின்னப் பாடசாலையில் இரண்டு சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே பாயில் இருந்தார்கள். எண்ணிக்கை குறைந்ததால் நடந்தது அது, கொள்கையால் அல்ல.

மிச்சமிருக்கும் இரண்டு வழிகளையும் வீட்டில் பேசிப் பார்த்தோம். ஒன்று சர்வதேசப் பாடசாலை. புறநகரில் இப்போது சந்திக்குச் சந்தி ஒன்று இருக்கிறது. 1961 ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்குவதைத் தடுத்த நாட்டில், இவை கம்பனிச் சட்டத்தின் கீழ் வியாபார நிறுவனங்களாகப் பதிவு செய்து நடக்கின்றன. ஆங்கில மொழி மூலம், தமிழ் ஒரு பாடம், சில இடங்களில் அதுவும் கேட்டால்தான். புறநகருக்குப் போய் மிச்சம் பிடிக்கும் வாடகை முழுதும் அங்கேதான் கட்ட வேண்டும்.

மற்றது சிங்கள மொழி மூலம். இதைச் சொன்னாலே சிலருக்குக் கோபம் வரும். எனக்கு வரவில்லை. நாட்டின் பெரும்பான்மையோடு அவர்களின் மொழியில் சமமாகக் கதைக்கும் பிள்ளை எதையும் இழக்கவில்லை என்று இவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் உறவில் அப்படிப் படித்த ஒரு பெடியன் இருக்கிறான். கெட்டிக்காரன், இப்போது பல்கலைக்கழகம். வீட்டில் தமிழ் நன்றாகக் கதைப்பான், வாசிக்க மாட்டான். அவனுடைய அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பிய பிறந்தநாள் கடிதத்தை அவனுக்கு அம்மா வாசித்துக் காட்டினாள். அம்மம்மாவுக்கு இது தெரியாது.

இவ்வளவும் பேசி முடித்த பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார். அதுவரை ஈசிச்செயரில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போறதெண்டால் காலி வீதியோட போ பிள்ளை. இரத்மலானை, மொரட்டுவை, பாணந்துறை எண்டாலும் பரவாயில்ல. காலி வீதியை விட்டு உள்ள போகாத.”

1983 ஜூலையில் அப்பாவும் அம்மாவும் நுகேகொடையில் வாடகைக்கு இருந்தார்கள். அண்ணா எட்டு மாதக் குழந்தை. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் இரண்டு இரவு வைத்திருந்து, மூன்றாம் நாள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறை. நான் பிறந்தது அதற்குப் பிறகு, ஊரில். அப்பா நுகேகொடைக்குத் திரும்பிப் போகவே இல்லை. எண்பத்து மூன்றுக்கு முன் கொழும்புத் தமிழர் நுகேகொடை, கிருலப்பனை, இரத்மலானை என்று பரவித்தான் வாழ்ந்தார்கள். இன்று வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கும், அங்கே வாடகை இவ்வளவு ஏறியதற்கும், அதைத் தாண்டினால் தமிழ் மொழி மூலப் பாடசாலை இவ்வளவு குறைந்ததற்கும் அந்த ஜூலையோடு தொடர்பு உண்டு. குடும்பங்கள் பயந்து ஒதுங்கின, ஒதுங்கிய இடத்தில் பாடசாலைகள் நிரம்பின, விட்டு வந்த இடத்தில் தேய்ந்தன. பம்பலப்பிட்டியிலும் இரத்மலானையிலும் இந்துக் கல்லூரியைத் தொடங்கியது ஒரே சங்கம், ஒரே தசாப்தத்தில், 1950 களில். அன்றைக்கு இரத்மலானையில் ஒரு கல்லூரி கட்டுவது நியாயமான முதலீடாகத் தெரிந்திருக்கிறது. ஒரு சமூகம் எங்கே பரவப்போகிறது என்று நம்பியதோ அங்கே அது பாடசாலை கட்டியது.

“அது நாப்பது வருசத்துக்கு மேல, அப்பா” என்றேன். 2007 ஜூன் 7 ஐயும் நினைவுபடுத்தினேன். விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழரை விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியது இதே வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும்தான். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்திருக்காவிட்டால் இன்னும் எத்தனை பஸ் போயிருக்குமோ. காலி வீதி யாரையும் காப்பாற்றவில்லை. அப்பா மறுக்கவில்லை. “ஓம், ஆனால் அண்டைக்கு எங்களைத் தேடி ஆக்கள் வந்தவை” என்றார். காணாமல் போனால் கவனிக்க நாலு பேர் வேண்டும் என்பது அவருடைய பாதுகாப்புக் கொள்கை. நான் பாடசாலையைப் பற்றிக் கேட்கிறேன், அவர் அயலைப் பற்றிப் பதில் சொல்கிறார். இரண்டும் ஒரே கேள்விதானோ என்று பிறகு தோன்றியது.

வத்தளைப் பக்கம் போவதையும் பார்த்தோம். இவருடைய தங்கை அங்கே இருக்கிறா. தமிழ் அயல் உண்டு, கோயில் உண்டு. தமிழ் மொழி மூலப் பாடசாலை வேண்டும் என்று அந்தப் பகுதி மக்கள் பல வருடமாகக் கேட்டு வந்ததும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் போன நவம்பர் டித்வா புயலோடு களனி கங்கை பெருகியபோது தங்கை வீட்டில் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். மச்சாள் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகளை மொட்டைமாடியில் காயப்போட்ட படத்தை அனுப்பியிருந்தா. 2016 இல் கொலன்னாவையையும் கடுவலையையும் மூழ்கடித்ததும் இதே ஆறுதான். கொழும்புக்கு வடக்கேயும் கிழக்கேயும் வாடகை மலிவாக இருக்கும் இடங்களில் பல, ஆறு கணக்கு வைத்திருக்கும் இடங்கள்.

இதற்கெல்லாம் பெரிய தீர்வு கேட்டு நான் எழுதவில்லை. மூன்று சின்ன விடயங்கள் செய்யலாம். மேல் மாகாணத்தில் எந்தப் பாடசாலையில் எந்த மொழி மூலத்தில் முதலாம் தரம் இருக்கிறது, எத்தனை இடம் வெறுமையாக இருக்கிறது என்ற பட்டியலைக் கல்வி அமைச்சு விண்ணப்ப காலத்துக்கு முன் வெளியிடலாம். நான் நாலு மாதமாக ஆட்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்த தகவல் வலயப் பணிமனை ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே இருக்கிறது. கொழும்பு மாவட்டத்தில் இருப்பதே நாலு வலயம்தான். அடுத்தது, ‘சிசு செரிய’ பஸ்ஸை எந்தப் பாதையில் விடுவது என்று தீர்மானிக்கும்போது மொழி மூலத்தையும் பார்க்கலாம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மட்டுமே சுமார் 10 வீதம், முஸ்லிம்களும் மலையகத் தமிழரும் அதற்கு மேல். ஒரு பஸ்ஸை நிரப்பப் பிள்ளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மூன்றாவது, அந்தச் சின்னப் பாடசாலைக்கு ஒரு கணித ஆசிரியர். இது மூன்றிலும் இலேசானது. அதனாலேயே எட்டு மாதமாக நடக்கவில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. ‘நல்ல பாடசாலை’ என்று நாங்கள் சொல்லும்போது கட்டடத்தையும் பெயரையும்விட, கூடப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் யார் என்பதையே அதிகம் பார்க்கிறோம். நான் அந்த முதலாம் தர வகுப்பறைக்குள் நின்றபோது பார்த்த முதல் விடயம் பிள்ளைகளின் செருப்பு. இவர் அதைக் கேட்டுவிட்டு, “நான் படிச்ச ஸ்கூல்ல செருப்பே இல்ல, ஒரு மண்டபத்தில நாலு வகுப்பு. நான் கெட்டுப்போயிட்டேனா?” என்றார். கெட்டுப்போகவில்லைதான். ஆனால் அவரோடு அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் பல்கலைக்கழகம் போனார்கள் என்று திருப்பிக் கேட்டேன். அவர் எண்ணத் தொடங்கி, ஒரு கையிலேயே நிறுத்திவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் கடைசியில் இறங்கி வந்தார். ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய மாட்டாராம், கிராம உத்தியோகத்தருக்கு ஒரு கடிதம் தருவாராம், வாடகை 90,000 ஆம். அன்றிரவே முகவரி என்ற இடத்தில் வெள்ளவத்தையை எழுதினேன். பொரலஸ்கமுவ வீட்டுக்காரருக்கு வேண்டாமென்று சொல்ல இன்னும் அழைக்கவில்லை. இந்த வருடம் இங்கே கிடைக்காவிட்டால் அந்த மாமரத்து வீடு வேண்டியிருக்கும், அவர் அதுவரை வைத்திருப்பாரோ தெரியாது.

விண்ணப்பிக்கும் பாடசாலைகளின் பெயர்களை விருப்ப ஒழுங்கில் எழுத வேண்டும். முதல் நாலும் காலி வீதியோரத்துப் பெயர்கள். ஐந்தாவதாக அந்தச் சின்னப் பாடசாலையின் பெயரை எழுதினேன். இடம் இருந்தால் எங்கிருந்து வந்தாலும் எடுப்போம் என்று அதிபர் சொல்லியிருந்தார். படிவங்களை உறைகளில் வைத்துப் பதிவுத் தபாலுக்கு ஒழுங்குபடுத்தும்போது இவர் அந்தப் பட்டியலைக் கையில் எடுத்து வாசித்தார்.

“உனக்கு உண்மையாப் பிடிச்ச ஸ்கூலை ஏன் கடைசியில எழுதியிருக்க?” என்று கேட்டார்.